சைபரும் ஒரு விடையாம்

1941 ஜனவரி 12

வெளியே சொன்னால் சிரிப்பார்கள். எக்ஸு என்பதைப் பெருக்கல் குறி என்று நினைத்து ஒரு வாரமாகப் பெருக்கிக்கொண்டிருந்தேன். மூணாங் கிளாஸோடு நின்றவனுக்கு இது போதாதா? தங்கச்சி நல்லம்மாளுக்கு சின்னுசாமி வாத்தியார் அல்ஜீப்ரா சொல்லித் தருகிறார். தறியில் உட்கார்ந்தபடி நானும் காது கொடுக்கிறேன். மனுசன் பொடி போட்டு, மூக்கைச் சிந்தி, அதே விரலால் சிலேட்டை அழிக்கிறார். த்தூ.

ஜனவரி 19

நல்லம்மாள் தாலியறுத்து வந்து ரெண்டு வருஷம். டிரெயினிங் பள்ளியில் சேரும் பரீட்சையில் தேறினால் பிறகு டீச்சர். தேறாவிட்டால் கொழுந்தன் ரங்கன் ஆட்டையாம்பட்டிக்குக் கூட்டிப்போய் அடுப்படியில் தள்ளுவான். இன்றைக்கும் வந்தான்.

"ஏனுங்க மச்சான், சோறாக்கக் கணக்கெதுக்குங்க?"

"நீ கணக்கில்லாமத் திங்கறியே மாப்ளே, அதுக்குத்தான்."

சிரித்துக்கொண்டே இன்னும் சோறு கேட்டான். வெட்கங்கெட்டவன்.

பிப்ரவரி 2

எக்ஸு ஸ்கொயரும் அஞ்சு எக்ஸும் சமம் என்று ஒரு கணக்கு. வாத்தியார் மூக்கைச் சிந்த வெளியே போன நேரம், என் வாய் சும்மா இருந்ததா? "ரெண்டு பக்கமும் ஒரே நூல் தொங்குது, கத்தரிச்சு உடு சாமி" என்றேன். சேலைக் கரையில் அப்படித்தானே செய்வோம். பாவம், அவளும் பக்கத்துக்கொரு எக்ஸை வெட்டிவிட்டு, விடை அஞ்சு என்று எழுதினாள்.

வாத்தியார் கத்தினார். "இன்னொரு விடை எங்கம்மா? சைபர்! வெட்டுனதோட அதுவும் போச்சு. பரீட்சையில இப்படி எழுது, ரங்கன் ஊட்டு அடுப்புதான்."

சைபர் ஒரு விடையா? போட்டுப் பார்த்தேன். இந்தப் பக்கமும் சைபர், அந்தப் பக்கமும் சைபர். நாசமாப் போக — சரியாத்தான் இருக்கு.

நான் சொல்லித்தான் வெட்டினாள் என்று அவள் வாத்தியாரிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 3

வெட்டக் கூடாதாம். எல்லாவற்றையும் ஒரே பக்கம் கொண்டுவந்து, எக்ஸைப் பொதுவாக வெளியே எடுக்கணுமாம். அவளுக்காக நெய்துகொண்டிருந்த வெள்ளைச் சேலையிலேயே நீலச் சாயம் தொட்டு அந்தக் கணக்கை, ரெண்டு விடையோடு, எழுதிப் பார்த்தேன். கழுவினால் போகிற சாயம்தான். சைபர் மேல் இருந்த எரிச்சலில் அதை மட்டும் நாலு தரம் சுழித்தேன்.

மார்ச் 15

"அண்ணா, பரீட்சையில அதே மாதிரி கணக்கு வந்துச்சு."

"வெட்டுனியா?"

"வெட்டலைங்க."



ஏப்ரல் 20

தேறிவிட்டாள். ரங்கனுக்கு ஆள் விட்டுச் சொல்லியாச்சு, வேறு சமையலாள் பார்க்கச் சொல்லி.

ஜூன் 16

காலை பஸ்ஸில் டிரெயினிங் பள்ளிக்குப் போனாள். அந்தச் சேலையைத்தான் கட்டுவேன் என்று ஒரே பிடிவாதம். நேற்றே அலசிப் போட்டிருந்தேன். எக்ஸு போய்விட்டது. அஞ்சும் போய்விட்டது. சைபர் போகவில்லை. முந்தானையில், முதுகுப் பக்கம் இருக்கிறது.