அத்தர் மணக்கும் சட்டை

ஜூன் 1, ஞாயிறு

மாதத்தின் முதல் ஞாயிறு. கேகாலைப் பக்கத்து முதியோர் இல்லத்தில் அப்பாவைப் பார்க்கும் நாள். முக்கால் மணி நேரம் வாசலில் காக்க வைத்தார்கள். "சீயா குளிக்கிறார்" என்றாள், தாத்தாக்களைச் சிங்களத்தில் அப்படிக் கூப்பிடும் பராமரிப்பு மிஸ். பிறகு மாப்பிள்ளை மாதிரி வந்தார். தீபாவளிக்கு நான் தைத்துக் கொடுத்த நீலக் கட்டச் சட்டை, படிய வாரிய தலை. கிட்டப் போனால் அத்தர் வாசம்! எழுபத்தெட்டு வயதில், ரப்பர் வெட்டின மனுஷனுக்கு அத்தர் பூசிவிடுகிறவள் யார்?

"சாப்பாடு எப்படிங்கப்பா?"

"நல்லாத்தான் இருக்கு" என்றார், மிஸ்ஸைப் பார்த்துக்கொண்டே.

ஜூன் 4

எங்கள் தோட்ட லயத்து வீடுகள் முழுக்கப் பெருமை அளந்துவிட்டேன்: ஃபேன், டிவி, சுடுதண்ணி, அத்தர் வேறு. பக்கத்துக் காம்பரா வீட்டுப் பிரேமலதா, மாமியாரையும் அங்கே சேர்க்க விண்ணப்ப ஃபோம் வாங்கிவிட்டாள். இல்லத்துக்குப் போகுமுன் அப்பா இரண்டு தடவை எங்கள் வீட்டுப் படியில் வழுக்கி விழுந்தபோது நான் தையல் மிஷினில் குனிந்திருந்தேன் என்பதை மட்டும் யாரிடமும் சொல்வதில்லை.

ஜூலை 6, ஞாயிறு

முதல் பஸ்ஸில் போய்விட்டேன். வராந்தாவில் அப்துல் ரஸாக் என்கிற பெரியவர் தன் மருமகளோடு பேசிக்கொண்டிருக்கிறார் — அப்பாவின் சட்டையில்! எனக்குத் தெரியாதா? நீல நூல் தீர்ந்து, கீழ்ப் பட்டனைச் சிவப்பு நூலில் தைத்த சோம்பேறி நான்தானே. மருமகள் போனதும் அவர் உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் அதே சட்டை வெளியே வந்தது. இப்போது அதற்குள் அப்பா. அத்தர் இன்னும் போகவில்லை.

"ஏங்கப்பா, உங்க சட்டைய எல்லாருமா போடுறாங்க?"

"சத்தம் போடாதம்மா. பாக்க ஆள் வந்தாத்தான் குளிப்பாட்டுவாங்க, ஆள் வந்தாத்தான் சட்டை. நல்லது இது ஒன்னுதான் இருக்கு."

ஆள் வராத நாளில்?

ஜூலை 8

என் வீட்டுக்காரர் சுதர்சன் சொல்கிறார்: "நீ அளந்த அளப்புக்கு, இப்ப அவரைக் கூட்டிக்கிட்டு வந்தா லயமே சிரிக்கும்." சிரிக்கட்டும். சிரிக்கட்டுமா?

ஜூலை 9, புதன்

சொல்லாமல் போனேன். மேட்ரனுக்கு ஜாக்கெட் அளவெடுக்க வந்தேன் என்று கேட்டில் சிங்களத்தில் ஒரு பொய்.

அப்பா கட்டிலில் கிடந்தார். இடுப்புச் சாரம் ஈரம். விடிஞ்சதிலிருந்து ஈரமாம். முதுகுல உள்ளங்கை அகலத்துக்குப் புண்ணு. "முப்பது பேருக்கு நாங்க ரெண்டு பேர், என்ன செய்ய?" — மேட்ரன். அவளை என்ன சொல்ல? பத்து மாசமா சட்டையப் பாத்தேன், தையலப் பாத்தேன். ஒரு நாளாவது அதைத் தூக்கிப் பாத்தேனா நான்?

ஜூலை 12, சனி

அப்பாவை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். தோட்டத்து மருந்துக்காரர் புண்ணுக்குக் கட்டுப் போட்டார். இல்லத்திலிருந்து புறப்படும்போது அந்தச் சட்டையைத் தேடினேன். "அது அங்கேயே கிடக்கட்டும். ரஸாக்குக்கு வேணும்" என்றுவிட்டார்.

பிரேமலதாவைக் கூப்பிட்டுப் புண்ணைக் காட்டினேன். "அத்தர்னு சொன்னீங்களேக்கா" என்றாள். சுதர்சன் படிக்குக் கைப்பிடிக் கம்பி அடிக்கிறார். லயம் சிரிக்கத்தான் செய்கிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மறுபடியும் அதே வாசல். "இப்ப யாரைப் பார்க்க?" என்றாள் மிஸ். யாருமே தேடி வராத ஒன்பது பேரின் பெயர்களை அப்பா சொல்லி அனுப்பியிருந்தார். வருகைப் புத்தகத்தில் ஒவ்வொன்றாக எழுதினேன்.

"எல்லாரையும் ஒரே நேரத்துல கூட்டிக்கிட்டு வாங்க மிஸ். நான் இருக்கேன்."

மிஸ் புத்தகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே ஓடினாள்.

பெஞ்சில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். மணி பத்தரை. உள்ளே தண்ணீர்ச் சத்தம் இன்னும் நிற்கவில்லை.