தூக்குக்குக் காசில்லை

பாய், இன்று மாலை கோட்டுச்சேரி பேருந்து நிறுத்தத்தில் இறங்கியதுமே வாசனை வந்துவிட்டது. வெந்தயமும் பூண்டும் ரம்பை இலையும் சேர்ந்து கொதிக்கிற வாசனை. நோன்பு மாதத்துக்கு இன்னும் எத்தனையோ நாள் இருக்கிறது. உங்கள் மகள் இரண்டாவது கஞ்சிக் கடையைத் திறக்கிறாள்.

போனதும் பலகையைக் காட்டினாள். 'நோன்புக் கஞ்சி, எல்லா நாளும்' என்று ஒரு வரி. கீழே வெற்றிடம்.

"அத்தா எழுதுன ரெண்டாவது வரிய இங்கயும் எழுதணுமா சார்? பட்டினத்துல எல்லாரும் நம்மளத் தெரிஞ்சவங்க. இந்த ஊர்ல யாருக்கு நம்மளத் தெரியும்? கட முங்கிப் போயிட்டா?"

பதிலாக ஒரு கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். திருமலைராயன்பட்டினத்தில் நீங்கள் முதல் கடை திறந்த நாள் நினைவுக்கு வந்தது.

வளைகுடாவிலிருந்து வந்த நீங்கள் திரும்பிப் போவதில்லை என்று முடிவெடுத்திருந்தீர்கள். ஆனால் ஏஜெண்ட் விடாமல் போன் செய்துகொண்டிருந்தார். கடை நிற்காவிட்டால் அந்த வயதில் மறுபடி விமானம் ஏற வேண்டும். "கஞ்சிய வருஷம் பூரா வித்தா வாங்குவாங்களா சார்?" என்று கேட்டீர்கள். அறிவியல் வாத்தியாரிடம் கேட்டால் சோதித்துப் பார்க்கத்தானே சொல்வான். மாம்பழத்துக்குப் பருவம் உண்டு, பசிக்கும் அப்படி உண்டா பார்ப்போம் என்றேன். பிளாஸ்கில் ஊற்றி ஆசிரியர் அறைக்குக் கொண்டுபோனேன். குடித்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "எந்தப் பள்ளிவாசல்ல வாங்கினீங்க?" ருசிக்கு இதைவிட என்ன சான்று வேண்டும் என்று இருவரும் மகிழ்ந்துபோனோம். அந்தக் கேள்விக்குள்ளேயே எச்சரிக்கை இருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை, மாலை அஸர் தொழுகை முடிந்ததும் அண்டாவைத் திறந்தீர்கள். தெரு முழுக்கத் தூக்குவாளிகள். நோன்பு மாதத்தில் காசில்லாமல் ஊற்றும் கஞ்சிக்குப் பள்ளிவாசலுக்கு வருவது போலவே எல்லாத் தெருக்காரர்களும் வரிசையில் நின்றார்கள். நான் சில்லறைப் பெட்டியோடு பக்கத்தில் நின்றேன். நீங்கள் ஊற்றிக்கொண்டே இருந்தீர்கள்.

"பாய், காசு" என்று முழங்கையால் இடித்தேன்.

"தூக்க நீட்டுறவங்ககிட்ட எப்படி சார் கேக்குறது? வாய் வரல."

அண்டா காலியானது. பெட்டியும் காலி. உள்ளேயிருந்து உங்கள் மனைவி எட்டிப் பார்த்தார். "ஊருக்கே ஊத்தியாச்சா? நல்லது. நாளைக்கு டிக்கெட் போட்டுருவமா, இல்ல நாளன்னிக்கா?"

நான் சிரிக்கவில்லை. நீங்கள் சிரித்தீர்கள். பிறகு காலி அண்டாவைக் கரண்டியால் தட்டிக்கொண்டே கேட்டீர்கள்: "கிண்ணத்துல குடுத்தா கேட்டிருப்பேன்ல சார்?"

மறுநாள் பெஞ்சு வந்தது, பீங்கான் கிண்ணம் வந்தது, வடையும் புதினாத் துவையலும் சேர்ந்தன. உட்கார்ந்து குடித்தவர்கள் தாமாகவே காசு நீட்டினார்கள். அதே கஞ்சி, அதே ஆட்கள். பாத்திரம் மாறியதும் தானம் வியாபாரமாக மாறியதை வியப்போடு பார்த்தேன். அதோடு விட்டிருக்கலாம். நீங்களோ பலகையில் இரண்டாவது வரியை எழுதச் சொன்னீர்கள்: 'தூக்கு கொண்டு வந்தால் காசில்லை.'

"ஊரே தூக்கோட வரும் பாய்" என்றேன்.

"வரட்டும் சார். பாக்கலாம்."

சில நாள் ஊரே வந்தது. பெட்டி நிறையுமுன் அண்டா காலியானது. ஏஜெண்டின் போனை நீங்கள் எடுக்கவும் ஆரம்பித்தீர்கள். பிறகு மெல்லத் தூக்குகள் குறைந்தன. பெஞ்சு நிறைந்தது. கண்காணிப்பாளர் இல்லாத தேர்வு அறையில் பிள்ளைகள் பார்த்து எழுதாமல் இருப்பது போல என்று நான் ஒரு விளக்கம் கொடுத்தேன். நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. "ஏன்னு தெரியல சார். எனக்கும் அதான் அதிசயமா இருக்கு." பயணப் பெட்டி பரண் மேல் ஏறியது. நீங்கள் மவுத்தாகி, அடக்கம் முடிந்த பிறகுதான் அதைக் கீழே இறக்கினார்கள்.

இதையெல்லாம் உங்கள் மகளுக்குச் சொல்லி முடிக்கும்போது ஒரு பெண் வந்து நின்றாள். வயல் வேலை முடிந்து வருகிறவள் போலிருந்தது. கையில் தூக்கு. பலகையின் முதல் வரியைப் படித்துவிட்டு, எதுவும் கேட்காமல் அதை நீட்டினாள்.

உங்கள் மகள் விலையைச் சொல்ல வாயெடுத்தது எனக்குத் தெரிந்தது. கரண்டி அதற்குள் அண்டாவுக்குள் போய்விட்டது. தூக்கை நிறைத்து மூடிக் கொடுத்தாள். அந்தப் பெண் போனதும் என் பக்கம் திரும்பினாள்.

"கேக்க வாய் வரல சார்."

தூரிகையை என்னிடம் நீட்டினாள். கரும்பலகை எழுத்து இன்னும் கைவிட்டுப் போகவில்லை; இரண்டாவது வரியை நேராகவே எழுதினேன். விரல் நுனியில் நீலச் சாயம் இன்னும் இருக்கிறது, இந்த மடலிலும் கொஞ்சம் ஒட்டியிருக்கும்.

கோட்டுச்சேரியும் பட்டினம் போலத்தான் நடந்துகொள்ளுமா என்று எனக்குத் தெரியாது. நாளை மாலையும் அங்கே போகிறேன், பாய். பாக்கலாம்.