அப்பா கட்டிய முடிச்சு டை

கப்பலிலிருந்து,
புதன்கிழமை காலை.

அன்பு மகன் கிரகாமுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் கடல்மேல் சௌக்கியமாக இருக்கிறோம், கரைமேல் நீயும் மருமகள் ஜோயலும் பிள்ளைகள் இரண்டு பேரும் அதேபோல் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். உன் இருமல் நின்றதா இல்லையா என்று நீ எழுதவே இல்லை, எழுதாததிலிருந்தே நிற்கவில்லை என்று தெரிகிறது, அந்த சிகரெட்டைத் தூக்கிக் குப்பையில் போடு. கப்பல் இப்போது நார்வேயின் வடக்கு முனையைத் தொட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருக்கிறது, நாளைக்கு ஏதோ ஒரு நார்வே ஊரில் நிற்கும், அங்கே இதைத் தபாலில் போடுவேன். தபால்தலையைக் கிழிக்காமல் பெரியவளுக்குக் கொடு. பூனையை உன் பிரெண்டா சித்தி பார்த்துக்கொள்கிறாள், அதாவது பூனை அவளைப் பார்த்துக்கொள்கிறது.

முதலில் நீ அனுப்பிய டை சமாச்சாரத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு வேறு யாராவது சொல்லி நீ மனசு கஷ்டப்படக் கூடாது. எலாஸ்டிக் வைத்து, ஏற்கெனவே முடிச்சுப் போட்டு, கழுத்தில் மாட்டினால் போதும் என்கிற மாதிரி பார்த்துப் பார்த்து வாங்கி அனுப்பினாய், அப்பாவுக்கு ஒரு கைதானே, சிரமப்பட வேண்டாம் என்று. உன் நல்ல மனசு எனக்குத் தெரியும். ஆனால் அவர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, "எச்சி வடியற குழந்தைக்குக் கட்டற துணி மாதிரி இருக்கு" என்று இழுப்பறையில் போட்டுவிட்டார். கோபித்துக்கொள்ளாதே. அந்த மனுஷனுடைய வீம்பு உனக்குத் தெரியாததா. அவருக்குத் தெரியாமல் நான் அதை என் கைப்பைக்குள் வைத்துத்தான் கொண்டுவந்தேன்.

இந்தக் கப்பலில் இரண்டு வாரத்தில் இரண்டு இரவு உடுப்பு விருந்து. அன்றைக்குச் சாயங்காலம் ஆறு மணி அடித்துவிட்டால் பெரிய உணவுக்கூடத்துக்குள் ஆண்கள் கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை, கறுப்பு முடிச்சு டை இல்லாமல் நுழைய முடியாது, பெண்களுக்குத் தரை தொடுகிற கவுன். மாட்டேன் என்கிறவர்கள் மேல்தளத்தில் தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நின்று சாப்பிட்டுக்கொள்ளலாம். ஆள் பாதி ஆடை பாதி என்பது இவர்களுக்குத்தான் பொருந்தும் என்று நீ சிரிப்பாய். சிரி. முப்பத்தொரு வருஷம் ரப்பர் பூட்ஸும் ஏப்ரனும் மாட்டிக்கொண்டு மீன் புகைபோடும் கொட்டகையில் நின்றவள் நான், என் தலைமுடியிலிருந்து அந்த வாசனை போகவே ஆறு மாதம் ஆயிற்று. ஒரே ஒரு தடவை கவுன் போட்டுக்கொண்டு, கட்டின புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து, வேறொருவர் கொண்டுவந்து வைக்கச் சாப்பிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்காகத்தான் இந்தப் பயணமே. கடலைப் பார்ப்பதற்கா வந்தேன், கடலைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

ஆனால் அப்பா வெளியாட்களோடு பந்தியில் உட்கார மாட்டார் என்பதும் உனக்குத் தெரியும். இதே கடலில், கரடித் தீவுக்குப் பக்கத்தில், வலை இழுக்கிற வின்ச்சுக் கம்பி அவருடைய இடது கையை முழங்கையோடு கொண்டுபோனபோது உனக்கு ஐந்து வயது. அன்றிலிருந்து வீட்டில் கறியை நான் வெட்டிக் கொடுக்கிறேன், சாப்பிடுகிறார். வெளியில் என்றால் ரொட்டிக்குள் வைத்தது எதையாவது நின்றுகொண்டே தின்றுவிட்டு வந்துவிடுவார். உன் கல்யாணத்தன்று நடந்தது எனக்கு மறக்கவில்லை, உனக்கும் மறந்திருக்காது. அதற்கு வருகிறேன், பொறு.

இந்தத் தடவை கெஞ்சிக் கூத்தாடி அவரைச் சம்மதிக்க வைத்தேன். மீன் கேட்டால் கத்தி வேண்டாம், முள்கரண்டி போதும் என்று வழியும் சொன்னேன். கோட்டுக்கு இடது கையை மடித்துத் தைத்தும் கொடுத்தேன். கிளம்புவதற்கு முந்தின நாள் ராத்திரி புதுச் சட்டையைப் போட்டுப் பார்க்கிறேன் என்று போட்டுக்கொண்டு, அதோடு உட்கார்ந்து சாப்பிட்டு, நெஞ்சில் குழம்பைக் கொட்டிக்கொண்டார். மறுநாள் கப்பல் கிளம்புகிற நாள். நம் தெருவில் எவளாவது ஆள் கடலுக்குப் போகிற நாளில் துணியை நனைப்பாளா? நனைத்தால் அந்த ஆளையே கடல் அலசிக்கொண்டு போய்விடும் என்றுதான் என் அம்மா எனக்குச் சொன்னாள். இது மீன் பிடிக்கிற கப்பல் இல்லை, பாட்டுக் கச்சேரியும் நீச்சல் குளமும் இருக்கிற கப்பல் என்று பிரெண்டா கேலி செய்தாள். எதுவாக இருந்தால் என்ன, அடியில் இருப்பது அதே தண்ணீர்தானே. கப்பலில் போய்த் துவைத்துக்கொள்ளலாம் என்று சட்டையை ஓரமாக வைத்தவள் அப்படியே அழுக்குக் கூடையில் விட்டுவிட்டு வந்துவிட்டேன். பத்து நாளுக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை, முதல் விருந்து, மாலை ஐந்து மணிக்குப் பெட்டியைத் திறக்கிறேன், சட்டை இல்லை.

அப்பா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "பார்த்தியா, கடலுக்கே பிடிக்கல" என்று கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு மேல்தளத்துக்குக் கிளம்பிவிட்டார். எனக்கு வந்ததே ஆத்திரம். ஊதா கவுனைப் போட்டேன், முத்துமாலை போட்டேன், உதட்டுச் சாயம் பூசினேன், அப்படியே மேலே போய் அரைக்கால் சட்டைக்காரர்களுக்கு நடுவில் தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நின்று வறுத்த மீன் வாங்கினேன். எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும். அப்பா மட்டும் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கடைசியில், "அழகாத்தான் இருக்கே ஈனிட்" என்றார், திட்டுகிற மாதிரி.

மறுநாள் எங்கள் தளத்துத் துணி துவைக்கும் அறைக்குப் போனேன். எதிர்க் கேபின்காரர் அங்கே நின்று ஒரு வெள்ளைச் சட்டையைப் பொசுக்கிக்கொண்டிருந்தார். நெட்டையான மனுஷன், பெயர் ஆப்ரி பென்னிக், ஓய்வுபெற்ற ஜட்ஜ். தள்ளுங்கள் ஐயா என்று இஸ்திரிப் பெட்டியை வாங்கிக்கொண்டேன். பேச்சோடு பேச்சாக, நேற்று விருந்துக்குப் போனீர்களா என்று கேட்டேன், அவர் தரையைப் பார்த்தார். நாற்பத்தொரு வருஷம் அவருக்கு முடிச்சு டை கட்டிவிட்டது அவர் மனைவி செசிலியாம். போன இலையுதிர் காலத்தில் அந்த அம்மாள் போய்விட்டாளாம். கண்ணாடி முன்னால் ஒரு மணி நேரம் போராடிவிட்டு, அறையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுவிட்டுப் படுத்தாராம். கைப்பையைத் திறந்து உன் எலாஸ்டிக் டையை நீட்டினேன். செத்த எலியை நீட்டியதுபோல் ஒரு அடி பின்னால் போனார். "ரொம்ப நன்றிம்மா, ஆனா அதைப் போட்டா செசிலி என்னை மன்னிக்கவே மாட்டா" என்றார். உடனே என் வாய் சும்மா இருந்ததா, இருக்காதே. "என் வீட்டுக்காரர் கட்டிவிடுவாருங்க, அவர் கட்டாத முடிச்சே கிடையாது" என்று சொல்லிவிட்டேன். சட்டை மறந்த கதையையும் சொன்னேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, என்னிடம் நான்கு சட்டை இருக்கிறது, ஒன்றை உங்கள் வீட்டுக்காரர் போட்டுக்கொள்ளட்டும் என்றார். திரும்பி நடக்கும்போதுதான் நான் என்ன செய்துவைத்திருக்கிறேன் என்பது எனக்கே உறைத்தது.

அப்பாவிடம் சொன்னேன். கேபினே அதிர்ந்தது. "உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? ஒத்தக் கைக்காரன் ஜட்ஜுக்கு டை கட்டறதா? கோர்ட்டு மொத்தமும் சிரிக்கும்" என்று கத்தினார். நான் ஜட்ஜின் சட்டையைப் பிடித்துத் தைக்க உட்கார்ந்தேன், அவர் இவரைவிட ஒரு முழம் உயரம். கடைசியில் அப்பா, "அந்த டை என்ன முடிச்சு?" என்று கேட்டார். ஜட்ஜ் சட்டையோடு கொடுத்திருந்த டையை வாங்கி, கூட இருந்த கட்டும் முறைப் படத்தை உற்றுப் பார்த்தார். "அட, இது பூட்ஸ் கயிறு முடிச்சுதானே" என்றார். கிரகாம், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஆறாவது வாரமே தன் பூட்ஸ் கயிற்றைத் தானே கட்டிக்கொண்ட மனுஷன் அவர், ஆஸ்பத்திரியிலேயே நர்ஸ் கட்டிவிட வந்தால் காலை இழுத்துக்கொள்வார். அதற்குப் பிறகு எட்டு நாள் என் கழுத்துக்கு ஓய்வே இல்லை. ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறு முனையை விரலால் சுற்றி, ஒரே பிடிவாதம். மூன்று தடவை நிஜமாகவே என் மூச்சு நின்றது. "கொஞ்சம் தளர்த்துங்க, செத்துடப்போறேன்" என்றால், "அசையாதே, வலைகூட இவ்வளவு பேசாது" என்கிறார்.

நேற்று சாயங்காலம் ஆறு மணிக்கு ஜட்ஜ் கதவைத் தட்டினார், கோட்டு மாட்டி, டை கழுத்தில் தொங்க. அப்பாவின் கோட்டில் மடித்துத் தைத்த கையை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தார், ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. அப்பா அவரை நாற்காலியில் உட்கார வைத்து, "ஐயா, மோவாயைத் தூக்குங்க, முத்தம் கித்தம் கொடுத்துடுவேன்னு பயந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டு, டையைப் பல்லில் கடித்துக்கொண்டு அவர் மோவாய்க்கடியில் தலையை விட்டார். நான் கட்டிலில் உட்கார்ந்து கவுனைக் கசக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு நிமிஷம். முடிச்சு நின்றது, கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்து நின்றது. அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை, அவிழ்க்கப் போனார். ஜட்ஜ் கண்ணாடியைப் பார்த்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "விடுங்க, செசிலி கட்டினாலும் இடப்பக்கம்தான் சாயும்" என்றார். சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினார். அப்புறம் அப்பா தன்னுடையதைக் கண்ணாடி முன்னால் தானே கட்டிக்கொண்டார். நான் எழுந்தேன், கண்ணாலேயே உட்கார வைத்துவிட்டார். அவருடையது சாயவே இல்லை, அளவெடுத்த மாதிரி நின்றது.

கூடத்து வாசலில் தலைமைப் பரிமாறுபவர் ஆண்களை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்துத்தான் உள்ளே விடுகிறார். அப்பாவிடம் வந்ததும் டையைப் பார்த்து, "இது நிஜ முடிச்சா சார், இப்பல்லாம் பாதிப் பேர் எலாஸ்டிக்தான்" என்றார். அப்பா மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றாரே, நீ பார்த்திருக்க வேண்டும். எனக்குப் பெருமை தாங்கவில்லை, ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. எங்கள் மேஜையில் ஜட்ஜும் ஒரு பல் டாக்டரும் அவர் மனைவியும். பரிமாறுகிற பிள்ளை கோவாக்காரன், பெனடிட்டோ, தங்கமான பையன். சாப்பாட்டு அட்டையில் பன்றிக்கறி இருந்தது, கடலில் மீனவன் அந்தப் பெயரை வாயால் சொல்லக் கூடாதே, அப்பா விரலால் தொட்டு, "இந்தப் பிராணி வேண்டாம்" என்றார். மீன் சொல்லுவார் என்று பார்த்தேன். "மாட்டுக்கறி" என்று சொல்லிவிட்டார்.

கறி வந்தது, முழுசாக, கனமாக ஒரு துண்டு. பல் டாக்டர் மனைவி அப்பாவின் கையைப் பார்ப்பதும் வேறு பக்கம் பார்ப்பதுமாக இருந்தாள். பழக்க தோஷம், என் கை தானாகக் கத்தியைத் தேடிப் போயிற்று, நான் அதை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். எழுந்து போய்விடுவார், அவ்வளவுதான் என்று நினைத்தேன். அப்பா தட்டைப் பார்த்தார். பிறகு அதை ஜட்ஜ் பக்கம் தள்ளினார். "ஆப்ரி, உன் முடிச்சை நான் போட்டேன், என் கறியை நீ வெட்டு" என்றார், மேஜை முழுக்கக் கேட்கும்படி. ஜட்ஜ் கத்தியை எடுத்து, "எவ்வளவு பெருசா வெட்டட்டும்?" என்று கேட்டார். "நீதானேப்பா ஜட்ஜு, நீயே தீர்ப்பு சொல்லு" என்றார் அப்பா. மேஜையே சிரித்தது, அவரும் சிரித்தார், வெளியாட்களுக்கு நடுவில் உட்கார்ந்து கடைசித் துண்டு வரை சாப்பிட்டார், இனிப்பும் இரண்டு தடவை வாங்கினார். என் கண்ணில் தண்ணீர், கடுகு விழுது காரம் என்று பொய் சொன்னேன்.

இப்போது உன் கல்யாண விஷயம். விருந்து பரிமாற ஆரம்பித்ததும் அப்பா எழுந்து ஆற்றங்கரைக்கு நடந்து போய்விட்டார். ஜோயலை அவருக்குப் பிடிக்கவில்லை என்று நீ நினைத்தாய், கனடா பெண் என்பதால் என்று ஜோயலின் அம்மா நினைத்தாள், ஒன்பது வருஷமாக உனக்கும் அப்பாவுக்கும் நடுவில் ஒரு கல் கிடக்கிறது. பல்வலி என்று உன்னிடம் சொன்னது பொய். அன்றைக்கும் மாட்டுக்கறிதான். சம்பந்தி முன்னால், மருமகள் முன்னால், பெண்டாட்டி கறி வெட்டிக் கொடுத்துத் தின்ன அவருக்கு மனசு வரவில்லை. உன்னிடம் சொன்னால் வீட்டைவிட்டே போய்விடுவேன் என்று என் வாயைக் கட்டிவிட்டார். நானும் கட்டுப்பட்டது என் தப்புதான், மன்னித்துவிடு கண்ணா. இன்று காலை தளத்து ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கரடித் தீவு இருக்கிற திசையைப் பார்த்து நின்றிருந்தவர், திரும்பாமலே, "பையனுக்கு எல்லாத்தையும் எழுதிடு" என்றார். "அடுத்த ஜூன்ல பத்து வருஷம் ஆகுதுல்ல, அந்த விருந்தைத் திருப்பி வைக்கச் சொல்லு, நாம அங்க போறோம், நான் கடைசி வரைக்கும் உட்காருவேன். பக்கத்து நாற்காலி அவனுக்குன்னு சொல்லு" என்றார்.

எழுதிவிட்டேன். உனக்கும் ஜோயலுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் முத்தமும், கடவுள் உங்களைக் கைவிடாமல் பார்த்துக்கொள்ளட்டும். வெளியில் போகும்போது காதை மூடிக்கொள், சிகரெட்டை நான் மறக்கவில்லை. எலாஸ்டிக் டையை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன், சின்னவன் விளையாட்டுக்கு ஆகும். கீழே அப்பா ஏதோ எழுத வேண்டும் என்கிறார், காகிதத்தை நான் பிடித்துக்கொள்கிறேன் என்றேன், தள்ளிப் போகச் சொல்லிவிட்டார்.

உன் அன்பு அம்மா,
ஈனிட் பிளென்கின்

கிரகாம், கத்தியை நல்லாத் தீட்டி வை.
அப்பா