அடுப்பெரியாத நாளில் பெருங்காய வாசம்

என் அம்மாவுக்கு, நீ விட்டுப்போன சமையலறையில் உட்கார்ந்து உன் மூத்தவள் எழுதுவது.

இன்று காலையில் நடந்ததை வேறு யாரிடம் சொன்னாலும் என்னையும் அப்பாவையும் சேர்த்தே டாக்டரிடம் கூட்டிப் போய்விடுவார்கள். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

பதினொரு மணி வாக்கில் கட்டிப் பெருங்காயத்தைக் கிள்ளி நல்லெண்ணெயில் போடுவாயே, அது உப்பிப் பொரிந்து வாசம் கூடத்துக்குப் போகும். அப்பாவை நீ ஒருநாளும் வாய்விட்டுக் கூப்பிட்டதில்லை. தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தால் உலகமே மறந்துபோகிற மனிதர், அந்த வாசம் வந்ததும் இழை ஓட்டுகிற நாடாவை வைத்துவிட்டு எழுந்து வருவார். பொரித்ததை நுணுக்கி, உப்போடு மோரில் கலந்து நீட்டுவாய். நாளெல்லாம் குனிந்தே நெய்கிறவருக்கு வயிற்றில் வாய்வு கட்டிக்கொள்ளும், அதற்கு இதுதான் மருந்து என்பாய்.

உனக்கு எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து. தங்கச்சி கோமதி கைக்குழந்தையாக வயிறு உப்பி வீறிட்டபோது வெந்நீரில் குழைத்துத் தொப்புளைச் சுற்றிப் பூசினாய். எனக்குச் சொத்தைப்பல் வலித்தபோது பொரித்த துண்டை வைத்துக் கடிக்கச் சொன்னாய். ரசம், புளிக்குழம்பு, பெருமாள் கோயில் இட்லி மாதிரி மிளகும் சுக்கும் தட்டிப் போட்டு நீ வார்க்கிற இட்லி, எதையும் விட்டுவைக்கவில்லை. "நெய்ஞ்ச புடவையில கூட பெருங்காய வாசம் அடிக்குதேம்மா" என்று புடவையை வாங்கிப் போக வந்த முதலாளி ஒரு தடவை அலுத்துக்கொண்டார். "கட்டிக்கினு போறவளுக்கு வயித்துவலியே வராதுன்னு சொல்லி வித்துடுங்க" என்றாய். அப்பா சிரித்த சிரிப்பில் தறியில் இழை அறுந்துபோனது.

கொரோனாவில் நாம் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் படுத்தோம். நான் எழுந்தேன், நீ எழவில்லை. உன் முகத்தைக்கூட எங்களுக்குக் காட்டவில்லை. எனக்கு மூக்கு மட்டும் போனது. மல்லிகைப்பூவும் மண்ணெண்ணெயும் ஒன்றாகிவிட்டன. ஆனால் உன் காரியம் முடிந்த மறுநாள், அடுப்பு அணைந்து கிடந்த நேரத்தில், பெருங்காயம் பொரிகிற வாசம் வந்தது. பயந்துபோய்ச் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டேன். அப்புறம் தினமும் அதே நேரத்துக்கு வந்தது. போகப்போகப் பயம் விட்டுப்போய், பதினொரு மணி எப்போது ஆகுமென்று காத்திருக்கத் தொடங்கினேன்.

"மூக்கு பழைய வாசனைய நெனச்சுக்குதும்மா, மாத்திரை போடுங்க, போயிடும்" என்றார் டாக்டர். வாங்கிவந்த மாத்திரையை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். அதுவும் போய்விட்டால் எனக்கு நீ எங்கே இருப்பாய்?

அப்பாதான் எழுந்து வருவதில்லை. நானும் பொரிப்பது அதே கட்டிப் பெருங்காயம்தான், அதே நல்லெண்ணெய்தான். "அப்பா, மோர்" என்றால் "இரும்மா, வரேன்" என்பார். வரமாட்டார். கையில் கொண்டுபோய்க் கொடுத்தால் ஒரு வாய் குடித்துவிட்டு, "உங்கம்மா பொரிக்கிறாப்ல இல்லியேம்மா, கருகிப்போச்சு" என்று கீழே வைத்துவிடுவார். மூக்கில்லாதவள் கருகலை எப்படிக் கண்டுபிடிப்பாள்? சாயங்காலம் வரைக்கும் அப்படியே வெறும் வயிறு. ஒருநாள் தறியிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டார். குடலில் புண்ணாம். நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் ஆளைக் காப்பாற்ற முடியாது என்றார்கள்.

போன மாதம் செவிலிமேட்டிலிருந்து கோமதி தன் குழந்தையோடு வந்திருந்தாள். பால் பொங்கி அடுப்பை அணைத்திருக்கிறது. கேஸ் வீடெல்லாம் பரவிவிட்டது. நான் பக்கத்திலேயே நின்று கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறேன். "இன்னாக்கா நீ, ஒண்ணுமே தெரியலியா உனக்கு?" என்று கத்திக்கொண்டே அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். அன்றைக்கே அரிசி டப்பாவை நகர்த்தி மாத்திரையை எடுத்தேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்டு, அழுதுகொண்டேதான் விழுங்கினேன்.

முதலில் திரும்பி வந்தது சாக்கடை நாற்றம். நீ இருந்திருந்தால் கேலி செய்தே என்னைக் கொன்றிருப்பாய். பிறகு காப்பித்தூள், அப்புறம் சாயம் தோய்த்த பட்டு. இப்போது பெருங்காயத்தைக் கருகாமல் எடுக்கத் தெரிகிறது. ஆனால் பதினொரு மணிக்குத் தானாக வந்துகொண்டிருந்த வாசம் நின்றுவிட்டது. வீட்டில் மறுபடியும் சாவு விழுந்த மாதிரி இருந்தது. கருகாமல் பொரித்தும் அப்பா எழுந்து வரவில்லை.

இன்று காலையில் கேஸ் தீர்ந்துவிட்டது. மாற்று சிலிண்டர் வரவில்லை. அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை. கடையில் இட்லி வாங்கி, வெறும் மோரில் உப்புப் போட்டு ஆற்றி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். தறிச் சத்தம் நின்றது.

"தோ வந்துக்கினே இருக்கேன். அடுப்பைக் கொறை, கருகிடப் போவுது."

அப்பா அதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அடுப்பு மேடையைப் பார்த்துச் சொன்னார். நான் மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தேன். மோரின் புளிப்பைத் தவிர ஒன்றுமே இல்லை. அவர் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து மோரை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார்.

"இன்னிக்கித்தாம்மா சரியா பொரிச்சிருக்கே" என்றார். இட்லி அத்தனையும் சாப்பிட்டார்.

எனக்குப் பொறாமையாக இருந்தது, உன்னிடம் ஒளிப்பானேன்? நான் மாத்திரை போட்டேன் என்று கோபித்துக்கொண்டு அவரிடம் போய்விட்டாயா? இல்லை, முதலிலிருந்தே அவரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாயா? நான்தான் நடுவில் நின்று மறித்துக்கொண்டிருந்தேனா?

பதில் வராது, தெரியும். உன்மேல் சத்தியமாகச் சொல்கிறேன், இதைக் கோமதியிடம் சொல்லமாட்டேன். அப்பாவை அந்த டாக்டரிடம் கூட்டிப் போகமாட்டேன். தினமும் பதினொரு மணிக்கு மோர் தயாராக இருக்கும். அவரைக் கூப்பிடுவதை மட்டும் நீ பார்த்துக்கொள்.

மூக்கு திரும்பி வந்த உன் பெரிய மகள்,
வசந்தி