முழுப்பெயர் சொல்லாதவள்

பெங்களூரு, 9.6.2024

அன்புள்ள மமதா அக்காவுக்கு,

நீயும் குட்டி ஷ்ரேயாசும் நலம்தானே? என் போனை அணைத்து வைத்துப் பத்து நாளாகிறது. அதனால்தான் கடிதம்.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. மார்ச்சில் ஒரு டேட்டிங் தளத்தில் சேர்ந்தேன். சாய்கிருஷ்ணா என்று ஒருவன். இரண்டு முறை காபி குடித்தோம். எனக்குச் சரிப்படவில்லை, சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு எலெக்ட்ரானிக் சிட்டியில் என் ஹாஸ்டல் வாசலிலேயே நிற்கிறான். ஆபீஸ் கேபுக்குப் பின்னால் பைக்கில் வருகிறான். தளத்தில் என் பெயர் ‘தாரா’ மட்டும்தான். முழுப்பெயர், ஆபீஸ், ஹாஸ்டல் எதையும் நான் சொல்லவில்லை அக்கா, சத்தியமாக.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். “அந்த ஆப்புக்கெல்லாம் ஏம்மா போனீங்க? சும்மனே நிக்கிறான்தானே, கைய வெச்சானா?” என்றார்கள்.

ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டேன். உன் வீட்டில் வந்து கொஞ்ச நாள் இருக்கட்டுமா? என்னோடு வேலை செய்யும் மௌரீனின் முகவரியைக் கவரில் எழுதியிருக்கிறேன். பதிலை அங்கே போடு, எனக்கு வந்துவிடும்.

உன் தங்கை,
தாரணி

அடுகோடி, பெங்களூரு, 14.6.2024

என் தாரணிக்கு,

கடிதம் இன்றுதான் வந்தது. வரட்டுமா என்று கேட்கவேண்டுமா? உடனே கிளம்பி வா. ஷ்ரேயாஸ் அறையில் கட்டில் போட்டுவிடுகிறேன். ஆனாலும் இதையெல்லாம் என்னிடம் மறைப்பாயா? நான் என்ன அந்நியமா? அந்தக் கண்ணாடிக்காரன் இப்படிப்பட்டவன் என்று யார் கண்டார்கள்? வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
மமதா

பெங்களூரு, 18.6.2024

அக்கா,

அவன் கண்ணாடி போட்டவன் என்று நான் எழுதவே இல்லையே. உனக்கு எப்படித் தெரியும்?

இதற்கு மட்டும் பதில் போடு.

தாரணி

அடுகோடி, 23.6.2024

தாரணிக் கண்ணு,

நான்தான் சொன்னேன். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்.

ஷ்ரேயாஸ் காதுகுத்துப் படத்தை உன் பெயரோடு ஃபேஸ்புக்கில் போட்டிருந்தேன் இல்லையா, அதைப் பார்த்து எனக்கு எழுதினான். “அக்கா, நான் தாரணிய கட்டிக்க ஆசப்படறேன். அவ வீட்ல பேசவே தயங்கறா” என்றான். அப்புறம் ஒருநாள் நேரிலேயே வந்தான். எவ்வளவு மரியாதை! உனக்கு முப்பத்தொன்று முடியப்போகிறதே என்று எனக்கு ஒரே கவலை. பூங்கொத்து அனுப்பணும் என்று ஹாஸ்டல் பெயர் கேட்டான். சொன்னேன். கேப் எத்தனை மணிக்கு வரும் என்றும் சொன்னேன்.

நேற்று மறுபடி வந்தான். “அவ எங்க இருக்கான்னு உங்களுக்குத் தெரியும்” என்று கதவைத் தட்டிக்கொண்டே இருந்தான். நான் திறக்கவில்லை. குழந்தை பயந்து அழுதது. நீ இப்போது இங்கே வராதே. எங்கே இருக்கிறாய் என்று மட்டும் எழுது, நான் வந்து பார்க்கிறேன். உன்னைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

உன் பாவி அக்கா,
மமதா

2.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன்மேல் கோபமில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டும். நான் தளத்தில் போட்டதும் அந்தக் காதுகுத்துப் படம்தான். பக்கத்தில் இருந்த உன்னை வெட்டிவிட்டுப் போட்டேன். முழுப்படம் உன் ஃபேஸ்புக்கில் இருக்கிறதே என்று எனக்குத் தோன்றவில்லை. அவன் அதைத் தேடி எடுத்திருக்கிறான்.

வேலையை விட்டுவிட்டேன். ஊரையும்தான்.

அவன் மறுபடி உன்னிடம் வருவான். அழுவான், காலில் விழுவான். கடைசியில் நீ இளகிவிடுவாய். அதனால் உனக்கு எதுவும் தெரியக்கூடாது. இந்தக் கடிதத்தை ரயிலில் போகிற ஒருவரிடம் கொடுத்து வேறெங்கோ போடச் சொல்லப்போகிறேன். தபால் முத்திரையைப் பார்த்துத் தேடிக்கொண்டு போகாதே. மௌரீனுக்கும் எழுதாதே, இனி அவளுக்கும் தெரியாது. இங்கே மழையா வெயிலா என்று உனக்கு எழுதக்கூடப் பயமாக இருக்கிறது அக்கா.

சித்தி எங்கே என்று ஷ்ரேயாஸ் கேட்டால் தெரியாது என்று சொல். அது பொய்யாக இருக்காது.

தாரணி