முப்பதுக்கு அப்பா சொன்ன பதில்

மார்ச் 4, செவ்வாய்

புதிய கருத்துக்கணிப்பு இன்று தொடங்கியது. நகரம் முழுவதும் வேக வரம்பை ஐம்பது கிலோமீட்டரிலிருந்து முப்பதாகக் குறைக்கலாமா? மாநகராட்சி கேட்கிறது. மாநகராட்சிக்காக நாங்கள் தொலைபேசியில் கேட்கிறோம். முழுமையாக ஆதரிக்கிறேன், ஓரளவு ஆதரிக்கிறேன், ஓரளவு எதிர்க்கிறேன், முழுமையாக எதிர்க்கிறேன், கருத்து இல்லை. எழுதியிருப்பதை எழுதியபடியே வாசிக்க வேண்டும். நம் விருப்பம் குரலில் தெரியக் கூடாது.

தெரியக் கூடாது, அவ்வளவுதான். இருக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு முப்பதுதான் வேண்டும்.

முதல் நாளிலேயே ஒன்று புரிந்துவிட்டது. எல்லோருக்கும் தங்கள் தெருவில் வண்டிகள் ஊர்ந்து போக வேண்டும், அடுத்த தெருவில் பறக்க வேண்டும். ஓர் அம்மா சொன்னார்: "மருமகன் ஓட்டினா முப்பது போதும்மா. என் பையன் ஓட்டினா ஐம்பதுன்னு போட்டுக்கோ. அவன் நல்லா ஓட்டுவான்." அப்படி ஒரு பதில் பட்டியலில் இல்லை என்று மறுபடி வாசித்தேன். "அதான் சொல்லிட்டேனே!" என்றார்.

வீட்டில் அப்பாவின் கட்சி வேறு. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே நகரப் பேருந்து ஓட்டுகிறவர். "முப்பதுல போனா டைமிங்கை யார் பிடிக்கிறது? லேட்டானா மெமோ எனக்குத்தான் வரும், மேயருக்கா வரும்?" யூனியனின் எதிர்ப்பு மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். மனதுக்குள் மட்டும் அவரை ஒரு படி கீழே இறக்கி வைத்தேன்.

மார்ச் 7, வெள்ளி

ஒருவர் முழுமையாக எதிர்க்கிறார். காரணம்: மெதுவாகப் போனால் காரில் மனைவியோடு கூடுதல் நேரம் பேச வேண்டிவரும். பின்னாலிருந்து ஒரு பெண்குரல்: "எனக்கும் அதேதான்னு எழுதிக்கச் சொல்லுங்க."

மார்ச் 11, செவ்வாய்

அழைப்புகளை ஒட்டுக்கேட்டுத் தரம் பார்ப்பவர் விடுப்பில் போய்விட்டார். இந்த வாரம் அந்த வேலை எனக்கு. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பேட்டி எடுப்பவர் சரியாக வாசிக்கிறாரா, பதில் சொல்பவரைத் தள்ளுகிறாரா என்று பார்க்க வேண்டும். நான் கேட்பது இரண்டு பக்கமும் தெரியாது.

சூப்பர்வைசர் அக்கா ஒரே ஒரு விதியைத்தான் இரண்டு தடவை சொன்னார். "தெரிஞ்சவங்க குரல்னு பட்டா அந்த நொடியே வெளிய வந்துடணும். உன் எதிரியா இருந்தாலும் சரி, உன் காதலனா இருந்தாலும் சரி."

"ரெண்டும் இல்லக்கா."

"அப்போ பிரச்சினையே இல்ல."

மார்ச் 13, வியாழன்

எப்படி எழுதுவது இதை?

எங்கள் அலுவலகத்தில் ஒருவனுக்கு 'ரேடியோ' என்று பெயர், அவ்வளவு நல்ல குரல். மதியம் அவனுடைய அழைப்பில் நுழைந்தேன். கேள்வியை ஆரம்பித்திருந்தான். மறுமுனையில் ஓர் ஆண்குரல்: "ஒரு நிமிஷம் தம்பி, கண்ணாடி போட்டுக்கறேன்."

போனில் கேள்வி கேட்டால் கண்ணாடி போட்டுக்கொள்கிற மனிதர் இந்த நகரத்தில் வேறு யார் இருக்க முடியும்?

விரல் வெளியேறும் பொத்தான்மேல்தான் இருந்தது. அழுத்தவில்லை. ஏன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அப்பா 'முழுமையாக எதிர்க்கிறேன்' என்று சொல்வதைக் கேட்க வேண்டும் போலிருந்தது. நான் அவரைவிட மேல் என்று இன்னொரு தடவை உறுதி செய்துகொள்ளத்தான்.

"இது வேற யாருக்கும் போகாதில்ல?" என்றார் அப்பா.

"உங்கள் பதில்கள் ரகசியமாக வைக்கப்படும்," என்று ரேடியோ வாசித்தான். அழகாக, தெளிவாக, விதிப்படி.

"அப்போ முதல்ல இருக்கறதைப் போட்டுக்குங்க."

முழுமையாக ஆதரிக்கிறேன்.

அடுத்தது காரணம் கேட்கும் கேள்வி. அப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் பஸ் ஓட்டறவன் தம்பி. போன மாசம் ஒரு அம்மா, நின்னுட்டிருந்த லாரிக்குப் பின்னாலேர்ந்து பையும் கையுமா இறங்கிட்டாங்க. பிரேக் பிடிச்சிடுச்சு. பை மட்டும் பஸ்ல உரசுச்சு. திரும்பிப் பார்த்து சிரிச்சுட்டுப் போயிட்டாங்க. என்னாலதான் முடியல. அந்த வளைவு வந்தாலே கை நடுங்குது. வெளிய சொன்னா ஸ்டியரிங்லேர்ந்து இறக்கிடுவாங்க. முப்பதுன்னு சட்டமே வந்துட்டா, ஏன்டா மெதுவா போறேன்னு யாரும் கேக்க மாட்டாங்க இல்ல?"

"வேறு ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா?"

"இல்ல தம்பி. நீங்க கேட்டதே போதும்."

ரேடியோவின் பேட்டிக்கு முழு மதிப்பெண் போட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

காலையில் அப்பாவிடம் டீ கொடுத்தபோது கையைப் பார்த்தேன். நடுங்கவில்லை. பார்த்ததற்கே கூசியது.

எத்தனை நாவல்களில் எத்தனை பேர் மனதுக்குள் வாசலைத் தட்டாமல் நுழைந்திருக்கிறேன். ஒருநாளும் குற்றமாகத் தோன்றியதில்லை. ஆனால் அவர்களில் யாரும் மறுநாள் எதிரே உட்கார்ந்து, "சர்க்கரை போட்டியாம்மா?" என்று கேட்டதில்லை.

தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும். கேட்டதையும் சொல்ல வேண்டும், டாக்டரைப் பார்க்கவும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஓய்வு. அன்று சொல்கிறேன்.

மார்ச் 16, ஞாயிறு

சொன்னேன். ஐயோ, எப்படிச் சொன்னேன்!

காலையிலேயே சித்தப்பா வந்துவிட்டார். கூடவே அப்பாவின் டிப்போ டைம்கீப்பர். பேச்சு நேராக முப்பதில் போய் நின்றது. சித்தப்பா டாக்சி ஓட்டுபவர். "முப்பதுல போனா சவாரி ஏறினவன் இறங்கித் தள்ளிட்டுப் போவான்ணே. இதெல்லாம் ஏசி ரூம்ல உக்காந்து போன் பண்றவங்க பண்ற வேலை." என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். கேலிதான். வழக்கமான கேலி.

அப்பாவும் சிரித்தார். "அவளை விடுடா. புஸ்தகத்துல படிச்சதைப் பேசுவா. ஒரு நாள் ரோட்டுல ஓட்டச் சொல்லு, தெரியும்."

அந்தச் சிரிப்பு. உள்ளே ஒன்று வைத்துக்கொண்டு வெளியே இப்படிச் சிரிக்கிறாரே என்று — பொறுத்திருக்கலாம். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்திருக்கலாம். நான் பொறுக்கவில்லை.

"நடிக்காதீங்கப்பா. நீங்கதானே முழுமையா ஆதரிக்கறேன்னு சொன்னீங்க? கை நடுங்குதுன்னு சொன்னீங்களே, அந்த அம்மா பையோட குறுக்க வந்ததுலேர்ந்து!"

சித்தப்பா சிரித்த முகத்தை மாற்ற மறந்துபோய் அப்படியே இருந்தார். டைம்கீப்பர் மெதுவாகக் கோப்பையைக் கீழே வைத்தார். அம்மா அடுப்படி வாசலில் நின்றிருந்தாள்.

அப்பா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. யோசித்தார். எங்கே சொன்னோம், யாரிடம் சொன்னோம் என்று அவர் ஒவ்வொன்றாகத் தேடிக் கடைசியில் கண்டுபிடித்ததை முகத்தில் பார்த்தேன். பிறகு என்னைப் பார்த்துச் சின்னக் குரலில், "நீயும் கேட்டுட்டு இருந்தியா?" என்றார்.

அவரைக் காப்பாற்றப் பேசினேனா? ரோட்டில் போகிறவர்களைக் காப்பாற்றவா? இல்லை. ஜெயிக்கப் பேசினேன்.

மார்ச் 17, திங்கள்

நான் எழுந்திருப்பதற்குள் அப்பா கிளம்பிவிட்டார்.

மார்ச் 19, புதன்

மருத்துவப் பரிசோதனைக்கு வரச் சொல்லி டிப்போவிலிருந்து உத்தரவு. அதுவரை வண்டி இல்லை. டைம்கீப்பர் வீட்டுக்கே வந்து அம்மாவிடம் சொன்னாராம்: "தப்பா நெனைக்காதீங்க. காதுல விழுந்துடுச்சு. விழுந்ததுக்கப்புறம் சும்மா இருந்து, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா?" அவர் மேல் குறை சொல்ல என்ன இருக்கிறது?

அம்மா துணி மடித்துக்கொண்டே என்னைப் பார்க்காமல் பேசினாள். "இத்தனை வருஷம் கூட இருந்த எனக்குச் சொல்லலை. முகம் தெரியாத ஒரு போன்காரன்கிட்ட சொல்லியிருக்கார். அதுக்கு அவர்மேல எனக்குக் கோவம். ஆனா மனுஷன் எங்கயோ ஓரிடத்துல இறக்கி வெச்சாரேடி. அங்கயும் போய் நீ உக்காந்திருக்கியே."

மடித்த துணியை அலமாரியில் வைக்கப் போனேன். "நான் வெச்சுக்கறேன்," என்றாள்.

மார்ச் 21, வெள்ளி

சூப்பர்வைசர் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "அந்தப் பதிலை எடுத்துடணும்," என்றார்.

"ஏன்க்கா? அவர் பதில்ல என்ன தப்பு?"

"ரகசியம்னு சொல்லி வாங்கினோம். இப்ப அது ரகசியமா இல்ல. வெச்சுக்க நமக்கு உரிமை கிடையாது."

நாங்கள் அழைத்ததில் எத்தனை பேருந்து ஓட்டுநர்கள் போனை எடுத்தார்களோ, எத்தனை பேர் மனம்விட்டுப் பேசினார்களோ. ஒருவர் பேசினார். அவரை நான் அழித்துவிட்டேன்.

எனக்கும் திங்கட்கிழமையிலிருந்து வேலை இல்லை. வாசல் வரை வந்து வழியனுப்பினார் அக்கா. அந்த மரியாதை வேறு.

மார்ச் 25, செவ்வாய்

"சாப்பிடறீங்களாப்பா?"

"கருத்து இல்லை."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 2, புதன்

டாக்டர், உடம்பில் கோளாறில்லை, மனதுக்குத்தான் ஓய்வு வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். சில மாதங்களுக்கு ஸ்டியரிங் கிடையாது. டிப்போவில் சாவி எடுத்துக் கொடுக்கும் வேலை. காலையில் சீருடை போட்டுக்கொண்டு போகிறார். மற்றவர்கள் ஓட்டப்போகும் வண்டிகளின் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டு வருகிறார்.

சித்தப்பா என்னைத் தனியே கூப்பிட்டு, "நீ சொன்னதும் ஒரு வகையில நல்லதுக்குத்தான். கை நடுங்க நடுங்க ஓட்டிட்டிருந்தா?" என்றார். எவ்வளவு வசதியான வாசகம்! அப்படியே வாங்கிப் போர்த்திக்கொள்ளலாம். ஆனால் அந்த நல்லதை நான் நினைத்துச் செய்யவில்லை. நடந்துபோன நல்லதற்கு நான் எப்படிச் சொந்தம் கொண்டாடுவது?

ஏப்ரல் 17, வியாழன்

கணிப்பு முடிவு பத்திரிகையில் வந்துவிட்டது. பாதிக்குச் சற்று மேலே ஆதரவு. முடிவெடுக்கும் முன் பொதுமக்களை நேரில் கேட்க மே மாதம் ஒரு கூட்டம், யாரும் வந்து பேசலாம் என்று போட்டிருந்தது. அப்பா அந்தப் பக்கத்தை விரித்தபடி உட்கார்ந்திருந்தார்.

எதிரே போய் நின்றேன். "அதுல உங்க பதில் இல்லப்பா. என்னாலதான் எடுத்துட்டாங்க. அன்னைக்கு லைன்லேர்ந்து விலகியிருக்கணும். விலகாம வேணும்னேதான் கேட்டேன். கேட்டதை உங்களை மட்டம் தட்டறதுக்காகச் சொன்னேன்."

மன்னிப்பு என்ற சொல் வாய் வரை வந்தது. அதைச் சொன்னால் பதிலுக்கு அவர் ஏதாவது சொல்லியாக வேண்டும். அவரிடம் இன்னொரு பதிலைப் பிடுங்க எனக்குப் பிடிக்கவில்லை.

"எடுத்துட்டாங்களா," என்றார். பத்திரிகையை மடித்தார். கருத்து இல்லை என்று சொல்லவில்லை.

மே 10, சனி

அப்பா கூட்டத்துக்குப் போனார். சித்தப்பாவின் டாக்சியில். "நானும் வரட்டுமாப்பா?" என்று கேட்டேன். "வேணாம்," என்றார். கோபமாக இல்லை. வீட்டிலேயே இருந்தேன். படிக்க எடுத்த புத்தகத்தில் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

சாயங்காலம் வண்டிச் சத்தம் கேட்டது. சித்தப்பா முதலில் உள்ளே ஓடிவந்தார். "ஏய், இங்க வா! உங்கப்பா மைக்கைப் பிடிச்சு என்ன சொன்னார் தெரியுமா? யூனியன் ஆளுங்க முன்னாடியே —"

"வேணாம் சித்தப்பா."

"என்னடி வேணாம்? ஊரே கேட்டுச்சு!"

"ஊர் கேட்டுட்டுப் போகட்டும். எனக்கு அப்பா சொல்லட்டும். சொல்லலைன்னாலும் பரவாயில்ல."

அப்பா வாசலில் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். காதில் விழுந்திருக்கும். உள்ளே போய் முகம் கழுவினார், தண்ணீர் குடித்தார். "நீ கிளம்புடா, சவாரியைப் பாரு," என்று சித்தப்பாவை அனுப்பிவைத்தார். பிறகு ஒரு நாற்காலியை என் பக்கமாகத் தள்ளினார்.

"உக்காரு. உங்கம்மாவையும் கூப்பிடு."

விளக்குப் போடக்கூட யாரும் எழுந்திருக்கவில்லை. இருட்டும்வரை சொன்னார். சொன்னது எதையும் இங்கே எழுதப்போவதில்லை.