எடை நிற்கிற கால்

மார்ச் 4
கடவுளே, இன்றைக்கும் மாடி ஏற வைத்தாய், நன்றி. இறங்கும்போதுதான் கொஞ்சம் கவனக்குறைவாக இருந்துவிட்டாய். வலது முட்டி உயிரை வாங்குகிறது. ஒவ்வொரு படிக்கும் உன் பேரைச் சொல்லி, மாடியில் தம்பி நடத்தும் ஓவிய வகுப்பறையைப் பெருக்கிவிட்டு வந்தேன். யாரும் பார்க்கவில்லை. பார்க்கவும் கூடாது. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு இடுப்பு போனபோது தம்பி மனைவி சொன்னது காதிலேயே நிற்கிறது: “முடியாதவங்கள நல்ல முதியோர் ஹோமா பாத்துச் சேத்துடறதுதான் அண்ணி மரியாதை.”
மரியாதையாம்.

மார்ச் 6
உருவம் வரையக் கற்றுக்கொடுப்பதில் தம்பியை மிஞ்ச ஆளில்லையாம். பத்திரிகைக்குப் படம் போடுகிறவர்கள், சிலை செய்கிறவர்கள் எல்லாம் அவனிடம் திட்டு வாங்கி வளர்ந்தவர்கள். பாடம் என்ன? ஒரே கேள்வி: “எடை எங்க?” நிற்கிற ஆளின் எடை எந்தக் காலில் இறங்குகிறது என்று முதலில் பார்க்க வேண்டுமாம். தலை நரைத்தவர்கள்கூட இதைச் சொல்லிக் கண் கலங்குகிறார்கள். என்னைக் கேட்டால், எடை இடுப்பில்.

மார்ச் 11
வகுப்பு மேடையில் சாக்பீஸ் கிறுக்கல். துடைத்தேன். புண்ணியம் என்று நினைத்தேன்.
அங்கே மாடலாக நிற்பவர் மூட்டை தூக்குகிறவர். இடுப்பில் ஒரு துண்டு, அவ்வளவுதான். ஓய்வெடுத்துவிட்டு வந்து அதே இடத்தில் காலை வைக்க, அவர் பாதத்தைச் சுற்றிப் போட்ட கோடாம் அது. பல வாரம் வரைந்த நிற்பு போச்சு. தம்பி குதித்தான். துண்டுக்காரர், “மறுபடி முதல்லேருந்து நிக்க என்னால ஆகாது சார்” என்று சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவரிடம் சட்டை இருப்பதே இன்றைக்குத்தான் தெரிந்தது.
“அக்கா, நாளைக்கு நீயே வந்து நில்லு.”
“துண்டோடயா?”
“புடவையோட. வாய மூடிக்கிட்டு.”
நிக்கணுமா? நானா? எல்லார் முன்னாடியும் — முட்டியே, மானத்த வாங்கிடாத.

மார்ச் 12
நின்றேன். வாய் மூடியிருந்தது, உள்ளே ஜபம் ஓடியது.
கண்ணாடி போட்ட ஒரு பெண்ணின் பலகை முன்னால் தம்பி நின்றான். “எடை எங்க?”
“எல்லாம் இடது கால்ல சார். வலது சும்மா தரையத் தொட்டுக்கிட்டிருக்கு.”
“தப்பு. ரெண்டு கால்லயும் சமமா நிக்கச் சொன்னேன். நல்லாப் பாரு.”
“பாத்துட்டேன் சார்.”
கொத்தனார் வைத்திருக்கிற மாதிரி ஒரு தூக்குக்குண்டு அவனிடம் உண்டு. நூலை என் கழுத்துக் குழிக்கு நேரே பிடித்துப் பார்த்தான். குண்டு நேராக இடது பாதத்துக்கு வந்து நின்றது.
“எத்தனை நாளா அக்கா?”
பேசக் கூடாதென்றானே. பேசவில்லை.
ஊரார் காலையெல்லாம் எடை போடுகிற மகான். தினமும் காப்பி கொண்டுவந்து வைக்கிற காலைப் பார்க்க நூல் தேவைப்பட்டது.

மார்ச் 13
உள்ளே புருஷனும் பெண்டாட்டியும் குசுகுசுவென்று பேசுகிறார்கள். என் பேர் அடிபடுகிறது. ரெண்டு புடவையும் சாமி படமும் பெட்டியில எடுத்து வச்சாச்சு. அந்த ஹோம்ல படம் மாட்ட ஆணியாவது அடிக்க விடுவாங்களா?

மார்ச் 14
இன்னும் கிளம்பச் சொல்லவில்லை. பெட்டியை நானே கதவோரம் நகர்த்தி வைத்தேன்.

மார்ச் 18
வகுப்பு கீழே, கூடத்துக்கு வந்துவிட்டது. மேடையைத் தம்பியே சுமந்து வந்தான். “மாடியில வெளிச்சம் சரியில்லக்கா” என்றான். கூடத்துக்கு இருப்பது ஒரே ஜன்னல். அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து. பெரிய வாத்தியார், ஒரு பொய்யை ஒழுங்காக வரையத் தெரியவில்லை.
பெட்டியிலிருந்த படத்தை எடுத்துத் தம்பி மனைவி பழைய ஆணியிலேயே மாட்டினாள். “நாளைக்கு டாக்டர்கிட்ட நான் கூட்டிட்டுப் போறேன் அண்ணி. அவரையாவது கொஞ்சம் பேச விடுங்க.”
துண்டுக்காரரும் சமாதானமாகித் திரும்பிவிட்டார். சாமிக்கு நேர் எதிரே நிற்கிறார். சாமி ஒன்றும் சொல்லவில்லை. நான் எதற்குச் சொல்ல?
வகுப்பு கலைவதற்குள் பெருக்கினேன். அவர் பாதக் கோட்டைத் தொடாமல், சுற்றி. நொண்டி நொண்டி, எல்லார் கண்ணெதிரிலும்.